தொகுதியைச் சொன்னீர்கள், பகுதியைச் சொல்லவில்லை

அமெரிக்கக் கல்லூரிகளின் இசை நாடகத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்கள் துறைகளின் சேர்க்கை எண்களை வெளியிடக் கேட்கும் இதே மடலைப் போன மே மாதம் ஆங்கிலத்தில் எழுதி உங்களில் பதினேழு பேருக்கு அனுப்பினேன். இரண்டு பதில்கள் வந்தன. ஒன்றில் நன்றி என்று மட்டும் இருந்தது. இன்னொன்று, நீங்கள் விடுமுறையில் இருப்பதாக உங்கள் கணினியே போட்ட பதில். ஆகவே இப்போது தமிழில் எழுதுகிறேன். நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆனால் எடிசனிலும் பிளேனோவிலும் ஃபிரீமான்ட்டிலும் அடுத்த ஆண்டு இதே வரிசையில் நிற்கப் போகிற தமிழ்ப் பெற்றோர் சிலர் படிப்பார்கள். அவர்களும் சேர்ந்து கேட்டால் ஒருவேளை உங்கள் காதில் விழும்.

நான் நியூ ஜெர்சியில் வருமான வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். மூத்த மகள் பதினான்கு வயதில், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பாடி ஆடி நடிப்பதுதான் தன் தொழில் என்று அறிவித்தாள். அன்று வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன். எந்தத் தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மா மட்டும் தொலைபேசியில் சிரித்துவிட்டு, இது புதிதில்லை, ரத்தத்தில் இருப்பது என்றார். என் தாத்தாவின் அண்ணன் பன்னிரண்டு வயதில் சிறுவர்களை வைத்து நாடகம் போடும் ஒரு பாய்ஸ் கம்பெனியோடு போனவராம். வாத்தியார் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, குரல் எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டியது. மூன்று வருடம் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டார். பிறகு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. ரயில் செலவைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சேரும்போதே அவருடைய அப்பாவிடம் சொல்லியிருந்தார்களாம்: குரல் இருக்கும்வரை சோறு, அதற்குமேல் எதுவும் கேட்கக் கூடாது. கொடுமையான ஒப்பந்தம்தான். ஆனாலும் ஒப்பந்தம் என்னவென்று அந்தக் கிராமத்து மனிதருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியவில்லை. என் புகாரே அதுதான்.

பக்கத்தில் நின்று படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படிப்புக்குப் பெரும்பாலும் பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) என்று பெயர். பெயர் பெற்ற துறைகளில் ஆண்டுக்குச் சுமார் இருபது பேரைத்தான் எடுக்கிறார்கள். சிலவற்றில் அதற்கும் குறைவு. மதிப்பெண் பார்த்துப் பல்கலைக்கழகம் ஒருமுறை சேர்க்க வேண்டும். குரலையும் காலையும் பார்த்துத் துறை தனியாக ஒருமுறை சேர்க்க வேண்டும். முதலில் ப்ரீஸ்கிரீன் என்ற காணொளி: மாறுபட்ட இரண்டு பாடல்களில் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கும் துண்டுகள், ஒரு தனிமொழி, கொஞ்சம் நடனம். அதில் தேறினால் நேரில் ஆடிஷன். முன்பு ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு அளவில் காணொளி கேட்குமாம். சில ஆண்டுகளாகப் பல துறைகள் கூடிப் பேசிப் பொதுவான ஓர் அமைப்பை ஏற்றிருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் நினைத்தால் கூடிப் பேசி ஒன்றைச் செய்துவிட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எங்கள் வீட்டு நிலவறைச் சுவரில் சாம்பல் நிறப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டு, ஆகஸ்ட் முழுவதும் படம் எடுத்தோம். மகள் எட்டு ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் படித்தவள். ஒரு சுரத்தில் நிற்பதற்கு முன் கீழிருந்து வளைந்து ஏறுவது அவளுக்கு மூச்சு விடுவது போல. இங்குள்ள குரல் ஆசிரியை அதைக் குற்றம் என்றார். ஸ்கூப்பிங் என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. அந்த வளைவைக் கழற்ற ஏழு மாதம் ஆனது, மணிக்கு 110 டாலர். அதே வளைவைப் பூட்டுவதற்குப் பாட்டு மாமிக்கு வகுப்புக்கு இருபது டாலர்தான் கொடுத்திருந்தோம். கட்டுவதைவிட இடிப்பதற்குச் செலவு அதிகமான வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பதினேழு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தோம். ஒன்பது கல்லூரிகள் நேரில் அழைத்தன. விண்ணப்பக் கட்டணமும், காணொளியை ஏற்றும் தளத்துக்குத் தனியாகக் கட்டியதும் சேர்த்து 1,940 டாலர். விமானம், விடுதி, வாடகைக் கார் 5,310. பாட்டு, நடனம், நடிப்புப் பயிற்சி 6,200. ஆக 13,450 டாலர், கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே. ஆடிஷன்கள் உச்சத்துக்கு வருவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும் என்பதால், ஒரு வரிக் கணக்கருக்கு அந்த மாதங்களில் போன வருமானத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

பிப்ரவரியில் சிகாகோ. பல கல்லூரிகள் ஒரே நகரத்தில் கூடி ஆடிஷன் நடத்துவதை யூனிஃபைட்ஸ் என்கிறார்கள். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலீஸிலும்கூட உண்டு. சிகாகோவில் பாமர் ஹவுஸ் விடுதிதான் அதற்குப் பேர்போன இடம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பிள்ளைகள் படியேறி ஓடுகிறார்கள். ஒரு தளத்துப் படிக்கட்டில் ஒரு பெண் உச்சஸ்தாயியில் நிற்கிறாள். இரண்டு தளம் மேலே வேறொருத்தி அதே பாட்டின் அதே உச்சத்தில் நிற்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காதது போல நடிக்கிறார்கள். அதுவும் நல்ல நடிப்புத்தான். தாழ்வாரத்துக் கம்பளத்தில் ஓஹையோவிலிருந்து வந்த ஓர் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து, மகளுடைய நடனக் காலணியில் பிய்ந்த வாரைப் பல்லால் நூல் கடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களுக்காக ஒரு கதவில் ஒட்டியிருந்த தாளில் முப்பத்தொரு பெயர்கள். நான் எண்ணினேன். எண்ணுவது என் தொழில்.

மகள் கறுப்புக் கோப்பைத் திறந்து இசைத்தாளைப் பியானோக்காரரிடம் காட்டி, வேகம் எவ்வளவு என்று சொல்லத் தொடையில் தாளம் தட்டினாளாம். உள்ளங்கை, புறங்கை, விரல் எல்லாம் வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டுச் சரியாக அதே காலத்தில் வாசித்தாராம். அன்றைய நாளில் அவள் சந்தோஷமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரத்தில் அவள் பாடிய கல்லூரிகளில் ஒன்றின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நான்கு நிமிடத்தில் வெளியே வந்தாள். மிக அருமை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மார்ச் கடைசியில் இல்லை என்று வந்தது. அதில் வருத்தமில்லை, இருபது இடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத வயதா எனக்கு? ஏப்ரலில், அந்தத் துறையிலேயே படிக்கும் ஒரு மாணவர் பேச்சுவாக்கில் சொன்னார்: பெண்களுக்கான இடங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் டிசம்பருக்குள் முடிந்துவிட்டனவாம். அந்த ஓர் இடத்துக்காக ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நாடு முழுவதும் பெண்களை வரவழைத்துக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஓஹையோ அம்மா நூலைக் கடித்துக்கொண்டிருந்ததும் அதே ஓர் இடத்துக்காகத்தான்.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பதினோரு பேர் கொள்ளும் லிஃப்டில் பத்துப் பேர் ஏறியாயிற்று என்றால், கதவருகில் அதைச் சொல்வது வழக்கம்.

சின்ன வகுப்பில் பின்னம் படித்தபோது, கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் கையேடுகளில் தொகுதி மட்டும் பளபளக்கிறது: இத்தனை முன்னாள் மாணவர்கள் பிராட்வேயில், இத்தனை பேர் டோனி என்ற நாடக விருதுப் பட்டியலில், இத்தனை பேர் சுற்றுப்பயணக் குழுக்களில். கீழே இருக்க வேண்டிய எண் எங்கே? எத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் பட்டம் பெற்று அதில் இத்தனை பேர்? எத்தனை பேர் முதலாண்டில் சேர்ந்து எத்தனை பேர் நான்காம் ஆண்டை எட்டினார்கள்? மகரக்கட்டு வந்தவர்களை எந்த ரயிலில் ஏற்றினீர்கள்?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' பிராட்வேக்கு வந்தபோது, கடன் வாங்கி டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தேன். மேடை நிறைய நம் முகங்கள். அடுத்த புத்தாண்டு நாளோடு அது மூடப்பட்டது. இருபது ஆண்டுக்குப் பிறகு, நான் வாங்கிவந்த பெரும்பாலான கையேடுகளின் முதல் பக்கத்தில் ஒரு மாநிற முகம் சிரிக்கிறது. வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால், பல இடங்களில் அந்தக் கையேட்டில் இருந்த அதே பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது, தனியாக.

கணக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு 1914 முதல் பட்டப்படிப்பு இருக்கிறது. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான சி.சி.எம். இசை நாடகப் படிப்பைத் தொடங்கியது 1968-இல். அரை நூற்றாண்டாக வருகைப் பதிவேடு வைத்திருக்கும் துறை இது. உங்கள் பல்கலைக்கழகங்கள் காமன் டேட்டா செட் என்ற பெயரில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. ஆனால் அது பல்கலைக்கழகம் முழுவதற்குமான எண். பாதிப் பேரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்துக்குள் நூற்றுக்குச் சிலரை மட்டும் எடுக்கும் துறை ஒளிந்திருப்பது அதில் தெரியாது. என்னைப் போன்றவன் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து, மகளுக்கு இது பாதுகாப்பான கல்லூரி என்று எழுதிவைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஓர் அறிமுகக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்றார் உங்களில் ஒருவர். பதினேழு வயதில், முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் தனியாக நின்று அழுகிற காட்சியை நடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறையில் ஆடப் போகிறவர்கள் இவர்கள். ஓர் எண்ணுக்கா பயப்படுவார்கள்? பயப்படப் போவது நாங்கள்தான். பயந்தால் பதினேழுக்குப் பதில் ஒன்பது இடத்துக்குக் கட்டணம் கட்டுவோம். இன்னொருவர் சொன்னது நியாயமாக இருந்தது: ஒவ்வோர் ஆண்டும் தேவை மாறும், ஓர் ஆண்டு கனத்த ஆண்குரல் இருக்காது, ஓர் ஆண்டு நன்றாக ஆடுகிறவர்கள் குறைவாக இருப்பார்கள், இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். ஒப்புக்கொள்கிறேன். வரப்போகும் ஆண்டைச் சொல்ல வேண்டாம், போன ஆண்டைச் சொல்லுங்கள்.

எல்லாக் கதவும் ஒன்றல்ல என்பதையும் பெற்றோருக்காக இங்கே குறித்துவைக்கிறேன். நார்த்வெஸ்டர்ன் போன்ற இடத்தில் ஆடிஷன் இல்லாமல் நாடகத் துறையில் சேரலாம். இசை நாடகப் பக்கம் திரும்புவது உள்ளே போன பிறகு. பி.ஏ. என்ற வழியும் உண்டு. அதில் வேறொரு பாடத்தையும் சேர்த்துப் படிக்க நேரம் இருக்கும். பி.எஃப்.ஏ. கிடைக்காவிட்டால் உலகம் இருண்டுவிடும் என்று எங்களை நம்பவைத்தது கல்லூரிகளைவிடப் பயிற்சியாளர்கள்தான். அந்தப் பழியை உங்கள்மேல் போட மாட்டேன்.

கடைசியில் இரண்டு இடம் கிடைத்தன. மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒன்று, பெயரைச் சொன்னாலே சக பெற்றோர் வாயைப் பிளக்கும் தனியார் கல்லூரி. உதவித்தொகை போக ஆண்டுக்கு 72,000 டாலர். மற்றது வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம், 47,000. மகளுக்கு முதலாவதன்மேல் கண். எனக்கு எதன்மேல் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினேன். முதல் கல்லூரியிலிருந்து, பிராட்வேயில் இருக்கும் முன்னாள் மாணவர்களின் புகைப்படங்கள் உள்ள பக்கத்துக்கு ஓர் இணைப்பு வந்தது. ஏற்கெனவே நாங்கள் மனப்பாடம் செய்த பக்கம்.

இரண்டாவது கல்லூரியின் துறைத் தலைவர் மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பதினாறு பேரைச் சேர்க்கிறோம், இப்போது நான்காம் ஆண்டில் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள் என்றார். போன மூன்று பேர் எங்கே என்று கேட்டேன். ஒருவருக்குப் பணம் போதவில்லை; ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது; ஒருத்தி இரண்டாம் ஆண்டில் நர்சிங் படிப்புக்கு மாறிவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்றார். பட்டம் பெற்றவர்களைப் பற்றிக் கேட்டபோது, பெயரைச் சொல்லாமல் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்: சொகுசுக் கப்பலில் பாடுகிறார், குழந்தைகள் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறார், உயர்நிலைப் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறார், பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்துகொண்டு வாரம் இரண்டு ஆடிஷன் போகிறார், ஒருவர் பிராட்வேயில். அந்த ஒருவரைக் கடைசியில்தான் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை, காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, அங்கேயே போகிறேன் அப்பா என்றாள். இப்போது முதலாண்டு. நடன வகுப்பில் கால் வீங்கியிருப்பதாகப் புகைப்படம் அனுப்பினாள், சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. உங்கள் இணையதளத்தில் விண்ணப்பப் பக்கம் அடுத்த முறை திறக்கும்போது, கட்டணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலே ஐந்தாறு எண்களைப் போடுங்கள். சென்ற ஆண்டு வந்த காணொளிகள் எத்தனை, நேரில் அழைத்தது எத்தனை, சேர்ந்த ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுத்தது எத்தனை, நான்கு ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள். பிப்ரவரி ஆடிஷனுக்கு அழைக்கும் கடிதத்தில் இன்னும் ஓர் எண்: இன்றைய தேதிக்கு மீதி இருக்கும் இடங்கள். பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே போடலாம். அதையும் கணக்கில் எழுதுகிற வழக்கம் உண்டு.

இப்படிக்கு,
ஒரு தந்தை
எடிசன், நியூ ஜெர்சி