சீல் போனால் சீலைக் கொடுங்கள்: கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கார் செய்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். சென்னை குரோம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பதிமூன்று வருடப் பழைய டீசல் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். எண்ணெயை அழுத்தி அனுப்பி ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப உதவுகிற அதன் பவர் ஸ்டீயரிங் பம்ப்பை என் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அந்த இரண்டாவது தடவை ஏன் வந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. காலையில் வண்டியை எடுத்து, தெருமுனையில் ஒடித்துத் திருப்பும்போது மாடு முனகுவது மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் வேகம் எடுத்தால் அடங்கிவிடும். ஒரு வாரத்தில் பெல்ட்டும் கீச்சிட ஆரம்பித்தது. வாசல் டைல்ஸில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய்.

கம்பெனி சர்வீஸில் பார்த்துவிட்டு, "பம்ப் லீக் சார், அசெம்பிளி மாத்தணும்" என்றார்கள். அதாவது முழு பம்ப்பையே. கூலி சேர்த்து 28,000 ரூபாய். எங்கே லீக் என்று கேட்டேன். பதில் வரவில்லை. எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் மட்டும் மாற்ற முடியாதா என்றேன். "தனியா வராது சார்." அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் சீல் என்று ஒரு பாகமே இல்லை. அவர் என்ன செய்வார்?

பக்கத்து வீட்டுப் பெரியவர் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்துக்குப் பின்னால் விரலைவிட்டுத் துடைத்து, என் கண்முன் காட்டினார். "பம்ப் போகல தம்பி. ஷாஃப்ட் சீல்தான் கசியுது. அந்த ஆயில் பெல்ட்ல தெறிச்சுதான் கீச்சுங்குது. ஆயில் குறைஞ்சு காத்து இழுக்குது, அதான் முனகல்." மூன்று கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ரப்பர் வளையத்தில் வந்து நின்றது.

அந்த வளையத்தைத் தேடி, வண்டி உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். ஆயில் சீல் விற்கும் கடைக்காரர் வெர்னியரை வைத்து அளந்து, அதே அளவில் இரண்டு எடுத்துப் போட்டார். ஆனால் எதைப் போடுவது? ஒன்று நைட்ரைல் ரப்பர், இன்னொன்று வைட்டான் ரப்பர். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தும்போது பம்ப்புக்குள் எழும் அழுத்தம், டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல முப்பது மடங்குக்கும் மேல். அழுத்தம் ஏறினால் சூடும் ஏறும். அந்தச் சூட்டுக்கும் உங்கள் எண்ணெய்க்கும் எந்த ரப்பர் தாங்கும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான். நீங்கள் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வேறு வழியில்லாமல், அடுத்த கடையில் முழு பம்ப்பையே வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பம்ப் மாற்றுவது பெரிய வித்தை இல்லை; பொறுமை வேண்டும், அவ்வளவுதான். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை உருவினேன். அடியில் ஒரு பழைய தட்டை வைத்து, ரிட்டர்ன் ஹோஸின் கிளிப்பை எடுத்து எண்ணெயை வடித்தேன். அழுத்தத்தோடு எண்ணெய் போகும் பிரஷர் லைனை பம்ப்போடு இணைக்கும் யூனியன் போல்ட் லேசில் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்ட பிறகுதான் வந்தது. அந்த போல்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் காப்பர் வாஷரைப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழையது ஏற்கெனவே நசுங்கியிருக்கும், மறுபடி இறுக்கினால் கசியும். புல்லியைப் பழைய பம்ப்பிலிருந்து புல்லர் என்கிற இழுப்புக் கருவி போட்டு இழுத்தோம். சுத்தியலால் தட்டியிருந்தால் அந்த அதிர்ச்சி நேராக ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் போயிருக்கும்.

அப்புறம் ஏர் எடுக்கும் வேலை, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினோம். என் மகள் உள்ளே உட்கார்ந்து, என்ஜின் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினாள். நான் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் பத்துத் திருப்பலுக்கு மோர் கடைந்த மாதிரி நுரை. எண்ணெய் இறங்க இறங்க ஊற்றினேன். இருபது தாண்டியதும் குமிழி ஒன்றிரண்டாகக் குறைந்தது. அதன்பிறகுதான் என்ஜினைப் போட்டோம். கோடியில் ஒடித்து சில நொடிக்கு மேல் பிடித்து வைக்காதே என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். பிடித்தால் முழு அழுத்தமும் பம்ப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எண்ணெயைக் கொதிக்க வைத்துவிடும். சத்தம் இல்லை. ஒரு விரலால் ஸ்டீயரிங் சுழன்றது. மகள் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வாரம் அதே முனகல்.

மறுபடி கழற்றினோம். பம்ப்புக்குள் ரோட்டரின் பள்ளங்களில் மெல்லிய தகடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும்; அவை உரசி ஓடும் உலோக வளையத்தில் நகத்தால் தடவினாலே தெரிகிற அளவுக்குக் கோடுகள். எண்ணெய் போதாமல் வறண்டு ஓடியிருக்கிறது. டப்பா நிறைய எண்ணெய் இருந்தும் ஏன் போதவில்லை? பெரியவர் டப்பாவைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடியில், மூடியைத் திறந்து பார்த்தாலும் கண்ணில் படாத இடத்தில், ஒரு சல்லடை. பதிமூன்று வருடக் கசடும் ஹோஸின் ரப்பர் துகளும் சேர்ந்து அதைக் களிமண் பூசியது மாதிரி அடைத்திருந்தது. முதலில் லைனைக் கழுவி, டப்பாவை மாற்றிவிட்டுத்தான் புதுப் பம்ப்பை மாட்டியிருக்க வேண்டும். பணிமனையில் அவர் பார்த்த பேருந்துகளில் ஃபில்டர் தனியாகக் கழன்று வரும். இந்த டப்பாவில் இப்படி ஒன்று ஒளிந்திருப்பது அவருக்கும் புதிது.

உங்கள் சர்வீஸ் மேனுவலில் இதற்கு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த ஒரு வரி என் கைக்கு வராததால் ஒரு நல்ல பம்ப் செத்தது. ஒரு சீலுக்காக இரண்டு பம்ப் வாங்கியிருக்கிறேன்.

இதில் நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததுதான் காரணம். பாகங்களின் விலையையும், கடையில் வாங்க என்ன வழி என்பதையும் இணையதளத்தில் போடுங்கள் என்றும், வெளியில் ரிப்பேர் பார்த்தார்கள் என்பதற்காகவே வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யாதீர்கள் என்றும் அந்த உத்தரவு சொன்னது. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனீர்கள். போங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சீலின் பார்ட் நம்பரைச் சொல்வதற்குக் கூடவா தீர்ப்பு வர வேண்டும்? 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் நலத்துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியபோது, அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று.

ஐரோப்பாவில் உங்களில் பலர் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அங்கே 2007இல் வந்த விதியிலிருந்தே, வண்டியின் பழுது பார்க்கும் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் இணையத்தில் திறந்துவிட வேண்டும். மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அங்கே காசு கொடுத்தால் கிடைக்கிற பக்கம், குரோம்பேட்டைக்காரன் அதே காசைக் கொடுக்கத் தயாராக இருந்தும் ஏன் கிடைக்கக் கூடாது?

ஸ்டீயரிங் உயிர் சம்பந்தப்பட்டது, தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது என்பீர்கள். அந்தக் கவலை நியாயமானது. நானே ஏர்பேக்கிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். யூனிட்டிலும் கை வைக்க மாட்டேன். ஆனால் நாட்டு நடப்பைப் பாருங்கள். வாரன்டி முடிந்த எத்தனையோ வண்டிகள் தெருவோர ஷெட்டுகளில்தான் சரியாகின்றன. அங்கே வேலை பார்க்கும் பையன்கள் யூனியன் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கைப்பழக்கத்தில்தான் இறுக்குகிறார்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்குக்கூட எத்தனை நியூட்டன் மீட்டர் என்று சொல்ல ஆள் இல்லை. பிரஷர் லைன் கழன்று சூடான எக்ஸாஸ்ட்டில் எண்ணெய் பீய்ச்சினால் தீப்பிடிக்கலாம். உயிரைப் பற்றிய கவலை உண்மை என்றால், முதலில் வெளியே வர வேண்டியது அந்த எண்தான்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பம்ப்பின் சீல், ஓ-ரிங், காப்பர் வாஷர் இவற்றை ஒரு கிட்டாக, ஒரு பார்ட் நம்பர் போட்டு, கவுன்டரில் யார் வந்து கேட்டாலும் விற்றுவிடுங்கள். உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் மேனுவலையாவது இணையத்தில் திறந்து வையுங்கள். அதை மறைத்து உங்களுக்கு இனி என்ன லாபம்? தமிழில் போட்டால் ஷெட் பையன்களுக்குப் பேருதவி. அப்புறம், ஆயில் டப்பாவின் மூடி. 'பவர் ஸ்டீயரிங் ஃப்ளூயிட்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறீர்கள். சில வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் அதே சிவப்பு எண்ணெயான ஏ.டி.எஃப்., சிலவற்றுக்குப் பச்சை, இன்னும் சில நிறுவனங்கள் தங்களுக்கென்றே தனி எண்ணெய் வைத்திருக்கிறார்கள். மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப்போகலாம், இல்லாவிட்டால் சுருங்கிப்போகலாம். எந்த ரகம் என்று மூடியில் இன்னும் ஒரு வரி சேர்க்க இடம் இருக்கிறது. அளந்தே பார்த்துவிட்டேன்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது இரண்டாவதாக வாங்கிய பம்ப். வண்டியோடு வந்த பழைய பம்ப்பை நாங்கள் தூக்கிப்போடவில்லை. பெரியவர் அதைப் பிரித்து, தகடுகளையும் வளையத்தையும் துடைத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். சீலின் பார்ட் நம்பரை மட்டும் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நானும் அவரும் உட்கார்ந்து அதைச் சரி செய்துவிடுவோம்.

அன்புடன்,
பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் ஒருவர்
குரோம்பேட்டை, சென்னை