சின்னவன் சாப்பாடு பற்றி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின குரல்பதிவைக் கேட்டேன். மெல்பேர்னில் உன் சின்னவனைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடத்தில் யாரும் தீத்துவதில்லையாம், அவனே அள்ளிப் போட்டுக்கொள்கிறானாம், பாதியில் எழும்பினாலும் விட்டுவிடுகிறார்களாம். அதற்கு ஏன் இந்தக் கவலை?

என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார். கடைசி வாய், கடைசி வாய் என்று கெஞ்சித் தீத்தினால் பிள்ளை தன் வயிற்றைக் கேட்காது, நம் முகத்தைப் பார்த்துத்தான் விழுங்கும்.

இங்கே மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் முன்பள்ளியும் மாறிவிட்டது. முன்பு ஆளுக்கொரு பெட்டி. திங்கள் இடியப்பம், செவ்வாய் கடலை என்று சுவரில் அட்டவணை இருக்கும், ஆனால் ஒரு பெட்டியில் முட்டை, பக்கத்துப் பெட்டியில் வெறும் பிஸ்கட். 2022இல் நாட்டில் சமையல் காஸும் பால்மாவும் இல்லாமல் போனபோது சில பிள்ளைகள் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். பிறகுதான் தாய்மார் முறைவைத்து ஒரே பானையில் சமைக்கத் தொடங்கினார்கள். விறகடுப்புத்தான். ஒருநாள் தேங்காய்ப்பூ போட்ட பயறு, ஒருநாள் கௌபி, ஒருநாள் இலைக்கஞ்சி. பாயில் வட்டமாக இருந்து பிள்ளைகளே அள்ளுவார்கள். பச்சை நிறத்தில் எதைக் கண்டாலும் வாயைப் பொத்துகிற ஒரு வாண்டு, பக்கத்துப் பிள்ளை உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்து ஒரு கிழமைக்குள் தானும் கஞ்சி கேட்டது. தாய் நம்பவில்லை, வந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அதனால் நீ சொன்னதில் ஒன்றுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே பசித்த பிள்ளை பசித்த நேரம் தனியாக வந்து சாப்பிடலாமாம். விளையாட்டு குழம்பாது, சரி. ஆனால் பார்த்துச் சாப்பிட பக்கத்தில் இன்னொரு பிள்ளை வேண்டாமா? அவனை நாலு பேரோடு இருத்த முடியுமா என்று ரீச்சரிடம் கேட்டுப் பார்.

கச்சான் கடலை கொண்டுவரக் கூடாது என்று அங்கே சொன்னதற்குக் கோபிக்காதே. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் துளி பட்டாலும் ஆபத்து. வீட்டிலும் முழுக் கச்சான் கொடுக்காதே, 5 வயது வரைக்கும் மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். அரைத்துக் கொடு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் கையிலேயே சின்னக் கரண்டி ஒன்றைக் கொடுத்துப் பார். சோறு சிந்தும்தான். மருமகன் கூட்டட்டும்.

அன்புடன்,
அம்மா