பொருள்: 1977 அம்பாசடர் மார்க் 3 காருக்குத் தவறான பிரேக் பாகங்கள் அனுப்பியதும் பணம் திருப்பித் தராததும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிப் பேசி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார். முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். "செக் பண்ணிட்டு கூப்பிடுறோம் சார்" என்கிறார். யாரும் கூப்பிடுவதில்லை. தயவுசெய்து நீங்களாவது கடைசிவரை படியுங்கள்.

நான் கேட்டது முன் சக்கரங்களுக்கு வீல் சிலிண்டர், லைனிங்கோடு பிரேக் ஷூ, மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட். அவ்வளவுதான். மாடல், வருடம் இரண்டையும் ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். பார்சலைப் பிரித்தால் உள்ளே டிஸ்க் பிரேக்குக்குப் போடுகிற பேட்! மார்க் 3-க்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பது காரைக்குடியில் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கிற பையனுக்குக்கூடத் தெரியும். முன்னால் டிஸ்க் வந்தது ரொம்பப் பிந்திய வண்டிகளில். ஐம்பது வருடத்துக்கு மேல் தயாரான காருக்கு "எல்லா அம்பாசடருக்கும் பொருந்தும்" என்று எந்தத் தைரியத்தில் விளம்பரம் போட்டீர்கள்?

சரி, தவறு நடப்பதுதான் என்று மாற்றிக் கேட்டேன். அடுத்து வந்த வீல் சிலிண்டர் பேக் பிளேட்டில் உட்காரவே இல்லை, போல்ட் துளையே சேரவில்லை. "அண்ணே, இது வேற ஏதோ வண்டியோடது" என்று எங்கள் மெக்கானிக் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் உங்கள் ஆள் ஒருவர், "பழைய பார்ட்டை எடுத்துக்கிட்டு நேரா மாதவரம் குடோனுக்கு வாங்க, பார்த்துக் குடுத்துடுறோம்" என்றார். நம்பி, பழைய சிலிண்டரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினேன். எழும்பூரில் இறங்கி, அந்த வெயிலில் மாதவரம் போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே நிறுத்தி "இங்க நேர்ல விற்பனை கிடையாது, ஆன்லைன்ல போடுங்க" என்கிறார்கள். கொண்டுபோன பாகத்தை வாங்கிப் பார்க்கக்கூட ஒருவரும் முன்வரவில்லை. அன்றைக்கே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உதிரிபாகக் கடை கடையாக ஏறினேன். அங்கே இருந்தவர்களாவது கையில் வாங்கிப் பார்த்தார்கள், இல்லாததை இல்லை என்றார்கள். அந்த மரியாதை உங்களிடம் இல்லை.

அந்த வாசலில் நின்றபடியே உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கம்பெனியே மூடியாச்சு, பார்ட்ஸ் எங்கிருந்து வரும்? பேசாம வண்டியை எடைக்குப் போட்டுடுங்க." உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தி நின்றது எனக்கும் தெரியும் அம்மா. கிடைக்காது என்றால் என் பணத்தை எதற்கு வாங்கினீர்கள்? என் அப்பா வாங்கிய வண்டி அது. எடைக்குப் போடச் சொல்ல நீங்கள் யார்? இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த அழைப்பைப் பதிவு செய்திருப்பீர்கள், போட்டுக் கேளுங்கள்.

நான் கேட்பது கதவுக் கைப்பிடி இல்லை, பிரேக். இந்த வண்டியில் ஒரே பிரேக் லைன்தான். மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போனால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போய்விடும். நீங்கள் அனுப்பியதை விவரம் தெரியாத ஒருவர் எப்படியோ மாட்டி ஓட்டியிருந்தால் உயிருக்கு யார் பதில் சொல்வது? இத்தனைக்கும் நடுவில் என் மகள் கல்யாணம் வந்து போய்விட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் வாடகைக் கார் பிடிக்க வேண்டியதாயிற்று. சம்பந்தி வீட்டார் முன்னால் குடும்ப மானமே போய்விட்டது. லட்சக்கணக்கில் கொடுத்தாலும் அது ஈடாகாது.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. சரியான பாகத்தை அனுப்பினால் இன்றைக்கும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். முடியாதென்றால் முழுப் பணத்தையும் சென்னை போய்வந்த செலவையும் கொடுங்கள். எடைக்குப் போடச் சொன்ன அந்தப் பெண் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மின்வணிக விதிகள் 2020-இன்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணமும் கிடையாது. பில், படங்கள், உங்கள் குறுஞ்செய்திகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

தவறாக வந்த இரண்டு பெட்டிகளும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவை நான் ஏற்கமாட்டேன்.

இப்படிக்கு,
காரைக்குடி வாடிக்கையாளர்