ஊற்று என்று பேர் வைத்த ஊர்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. கண்மாய் மறுகால் பாய்ந்ததைப் படித்ததும் கலுங்கில் கால் நனைத்த மாதிரி இருந்தது. "மணல்காட்டில் தண்ணிக்கு என்னடா செய்றீங்க?" என்று கேட்டிருந்தாய். சரி, சொல்கிறேன்.

நான் மாற்றலாகி வந்திருக்கும் அல் ஐன், அபுதாபி நகரத்துக்குக் கிழக்கே 160 கிலோமீட்டர். 'ஐன்' என்றால் அரபியில் ஊற்று. தெற்கே ஹஃபீத் மலை, வெறும் மொட்டைப் பாறை. ஊர் நடுவிலோ 1,200 ஹெக்டேர் தோப்பு, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரீச்சை மரம்! அதன் நிழலில் மா, எலுமிச்சை. அதற்கும் கீழே ஆடுமாட்டுக்குக் குதிரைமசால்.

எல்லாவற்றுக்கும் தண்ணீர் 'ஃபலஜ்' வழியாகத்தான். மலையடிவாரத்தில் கிணறு தோண்டி ஊற்றைப் பிடித்து, மண்ணுக்கடியில் சுரங்க வாய்க்கால் வெட்டி, லேசான வாட்டத்தில் ஊர்வரை இழுத்து வந்திருக்கிறார்கள். மோட்டாரும் கிடையாது, ஏற்றமும் கிடையாது. தூர்வார வழிநெடுக இறங்குகுழிகள். இங்கே கண்டெடுத்த பழைய ஃபலஜுக்கு வயது சுமார் 3,000 ஆண்டு.

நம்மூர் நீர்பாய்ச்சி மாதிரி இங்கே ஓர் 'அரீஃப்'. யாருக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பது அவர் வேலை. ஆனால் அந்த முறையே விலைக்குப் போய், காசுள்ளவன் கையில் சேர்ந்துவிட்டது. 1946-இல் இந்தப் பகுதியின் நிர்வாகத்துக்கு வந்த ஷேக் சாயித் தண்ணீரைப் பொதுவாக்கினார், புது ஃபலஜும் வெட்டவைத்தார். பிற்பாடு ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் அதிபரானவர் அவர்தான். எனக்கென்னவோ அந்தப் பதவியைவிட இது பெரிய காரியமாகப் படுகிறது.

அப்புறம் எல்லைத் தகராறு. எண்ணெய் கிடைக்கும் என்ற ஆசையில் 1952-இல் சவூதி ஆட்கள் வந்து உட்கார்ந்து, 1955-இல் விரட்டப்பட்டார்கள். இந்தப் பாலைவனச் சோலையின் ஒன்பது கிராமங்களில் ஆறு அபுதாபிப் பக்கம், மூன்று ஓமானின் புரைமியில். நடுவில் இப்போது வேலி.

பேரீச்சையை நம்பிப் பிழைத்த காலம் போய்விட்டது. அரசு வேலை, 1976-இல் வந்த பல்கலைக்கழகம், பால் பண்ணை, ஒட்டகச் சந்தை, எல்லாவற்றுக்கும் பின்னால் எண்ணெய்ப் பணம். மோட்டார் கிடையாது என்றேன் இல்லையா, அதுவும் பழைய கதை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நீர்மட்டம் இறங்கிவிட்டது. தோப்பு வாய்க்காலில் பெரும்பாலும் பம்புத் தண்ணீர்தான். உங்கள் பக்கத்துப் போர்வெல்காரர்களிடம் சொல்லிவை.

முட்டி வலி இப்போது தேவலை. தையில் ஊருக்கு வருகிறேன். உனக்குக் கலாஸ் பேரீச்சை இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். சர்க்கரைக்காரனுக்கு இது எதற்கு என்று தங்கச்சி கேட்டால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
செல்வம்