பழைய ஜெர்மன் கார் வாங்க விரும்பும் மகளுக்கு

ஆர்.கே. புரம்,
புது தில்லி.

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் காரைக்குடியில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கரோல் பாக்கில் விற்பனைக்கு நிற்கும் அந்த ஜெர்மன் டீசல் காரை நேரில் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும்படி கேட்டிருந்தாய். அப்பாவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். தொலைபேசியில் பேசினால் பாதி விட்டுப்போகும். மாப்பிள்ளைக்கு அந்தக் காரின் மேல் மிகுந்த ஆசை என்றும் சொன்னாய். அவரும் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அம்மா சொன்னாள் என்பதற்காக மட்டும் நீங்கள் அதை ஏற்க வேண்டாம், காரணங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தில்லியில் இந்த விலைக்கு இப்படிப்பட்ட கார் கிடைப்பது அதிசயம் அல்ல. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வயதை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் சொன்ன பிறகும், டீசல் கார் வைத்திருப்பவர்களின் அச்சம் தணியவில்லை. எட்டு, ஒன்பது வயதான வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு அனுப்புவது இங்கே அன்றாட வியாபாரம். நீங்கள் கேட்ட கார் 2017இல் பதிவானது. தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனால் மறுபதிவு செய்து அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும்; விற்பவர் சொல்லும் விலையில் அது சேரவில்லை.

காரைப் பற்றிச் சொல்கிறேன். வெளியே பளபளவென்று மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத்தில், ஏறி இறங்கும்போது உடல் உரசுமே அந்த இடத்தில், தோல் வெடித்து, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். பிரேக் பெடலின் ரப்பரில் வரிகளே இல்லை. வழுவழுவென்று தேய்ந்து ஒரு மூலையில் உலோகம் தெரிகிறது. மீட்டரோ ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை என்று காட்டுகிறது. அந்த ரப்பர் அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் அப்படித் தேயாது என்பது என் துணிபு. சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டதற்கு, முந்தைய உரிமையாளரிடம் இருக்கும், பிறகு வாங்கித் தருகிறோம் என்றார்கள்.

இனி, நிறுவனத்தின் பெயர். இவ்வளவு பெயர் பெற்ற நிறுவனத்தின் கார் ஆயிற்றே என்று மாப்பிள்ளை சொல்வதில் உண்மை இருக்கிறது. வேகத்தில் சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதிலும், கதவை மூடும்போது தெரியும் உறுதியிலும், பிரேக் பிடிப்பதிலும் அந்தக் கார்கள் சம்பாதித்த பெயர் நியாயமானது. ஆனால் நன்றாக ஓடும் கார் என்ற பெயரும், தொல்லை தராத கார் என்ற பெயரும் வேறு வேறு. முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருக்கும் என்று நம் மக்கள் தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம், மூன்று ஆண்டு ஓடிய கார்களின் உரிமையாளர்களைக் கேட்டு, நூறு காருக்கு எத்தனை குறை என்று ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. அதில் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது ஜப்பானிய லெக்சஸ். ஜெர்மன் பெயர்களில் போர்ஷே முன்னணிக்கு வந்த ஆண்டுகளும் உண்டு, ஆடியும் ஃபோக்ஸ்வேகனும் சராசரிக்குக் கீழே நின்ற ஆண்டுகளும் உண்டு. இத்தனையும் மூன்று வயதுக் கார்களுக்கான கணக்கு. நீங்கள் வாங்க நினைப்பதோ பத்து வயதை நெருங்குகிறது.

பணி ஓய்வு பெறும்வரை காப்பீட்டு நிறுவனத்தின் மோட்டார் கிளெய்ம் பிரிவில் நான் பார்த்தவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓக்லாவில் ஒரு சொகுசு கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனை, பெயர் வேண்டாம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயரோடு போகும்போதெல்லாம் வரவேற்பறையில் காபி கொடுத்து, ஐயா, அம்மா என்று மரியாதையாகத்தான் நடத்துவார்கள். பின்பக்கம் போனால், முன் விளக்கு இருந்த குழியில் பாலித்தீன் தாளை ஒட்டி, பானெட்டின் மேல் சாக்பீஸால் ஜாப் கார்டு (பணிமனை வேலைச் சீட்டு) எண் எழுதிய கார் ஒன்று ஒரு மழைக்காலம் முழுவதும் நின்றது. முன் விளக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதுதான் காரணம். கிளெய்ம் தொகைக்கு எங்கள் அலுவலகம் ஒப்புதல் கொடுத்தாயிற்று, உரிமையாளர் தம் பங்கைக் கட்டத் தயாராக இருந்தார், பணிமனையிலும் ஆள் இருந்தார்கள். பாகம் மட்டும் வரவில்லை. அந்த உரிமையாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, இவ்வளவு பெரிய கம்பெனி இப்படிச் செய்யுமா என்று கேட்டார். அந்தப் பெரிய கம்பெனியோடு அவருக்கு நேரடித் தொடர்பே கிடையாது. அவருக்குத் தெரிந்த கம்பெனி என்பது அந்தப் பணிமனையும் அதன் உதிரிபாகக் கிடங்கும்தான்.

கணக்கை இப்போது பார். கார் பழையதாகிக்கொண்டே போகும், அதன் உதிரிபாகத்தின் விலை பழையதாவதில்லை. எண்பது லட்ச ரூபாய்க் காருக்குச் செய்த முன் விளக்கு, அந்தக் கார் பதினைந்து லட்சத்துக்கு விற்கும்போதும் எண்பது லட்ச ரூபாய்க் காரின் விளக்காகத்தான் பில்லில் வரும். காப்பீடு கொடுத்துவிடும் என்று நினைக்காதே. ஐந்து ஆண்டுக்கு மேல் பத்து ஆண்டு வரையான வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள் எந்த வயதானாலும் 50 சதவீதம். இக்காலக் காரின் முன்பக்கத்தில் பிளாஸ்டிக்தானே அதிகம்? பம்பரின் விலை ஒரு லட்சம் என்றால் ஐம்பதாயிரம் உங்கள் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வரைதான் தருகின்றன, சில ஏழு ஆண்டு வரை தரும். இந்தக் காருக்கு அது கிடைப்பது அரிது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கணக்கை முடிப்பார்கள். மதிப்பு குறைவாகவும் பாகங்களின் விலை அதிகமாகவும் இருக்கும் காரில் நடுத்தரமான ஒரு மோதலே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

இது விபத்துக்கு. தானாகத் தேய்ந்து பழுதானால் காப்பீட்டில் ஒரு ரூபாயும் வராது. சில ஜெர்மன் டீசல் இன்ஜின்களில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்திருப்பார்கள். செயின் நீண்டுவிட்டால் அதை மாற்றுவதற்கே கியர்பாக்ஸையோ முழு இன்ஜினையோ கீழே இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகலாம். செயின் அறுந்தாலோ இன்ஜினே போய்விடும். அதனால்தான் வாங்கும்முன் நிறுவனத்தின் பெயரைக் கேட்காமல் இந்த இன்ஜின், இந்த கியர்பாக்ஸ் எப்படி என்று கேட்கச் சொல்கிறேன். ஒரே நிறுவனத்திலேயே ஒரு இன்ஜின் தொல்லையில்லாமல் உழைக்கும், அடுத்தது ஆளைப் படுத்தியெடுக்கும்.

உழைப்பு ஒன்று, பழுது பார்க்கும் எளிமை இன்னொன்று என்பதையும் நினைவில் வை. எங்கள் அலுவலகத்தில் அம்பாசடர் ஓடிய காலத்தில் அது அடிக்கடி நின்றுபோகும். ஆனால் அதைச் சரிசெய்யத் தெரியாத மெக்கானிக் இந்த நாட்டில் இருந்ததில்லை, காஷ்மீரி கேட்டில் அதன் எந்தப் பாகமும் அன்றைக்கே கிடைக்கும். 2014இல் தயாரிப்பு நின்ற பிறகும் அதனால்தான் அது ஓடியது. நீங்கள் கேட்கும் காரைச் சோதிக்க அந்த நிறுவனத்தின் கணினியும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சியும் மதுரையும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஒவ்வொரு முறையும் ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். தில்லியில் அந்த நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் பல பணிமனைகள் நிற்கின்றன. உங்கள் ஊரில் அதே பெயருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதை மாப்பிள்ளை எண்ணிப் பார்க்கட்டும்.

பெயரை மட்டும் நம்பியவர்கள் தவித்ததை நாம் பார்த்திருக்கிறோம். செவ்ரலே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. சென்னையை அடுத்த மறைமலை நகரிலேயே ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021இல் இங்கே விற்பதற்காகக் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. உலகறிந்த பெயர்கள் இவை. சர்வீஸ் தொடரும் என்று இருவருமே உறுதி சொன்னார்கள் என்றாலும், விற்பனை இல்லாத இடத்தில் முகவர்கள் எத்தனை காலம் கடை நடத்துவார்கள்? இன்னோர் உதாரணம் எனக்கு மிகவும் பயன்பட்டது. 2019இல் மாருதியின் பலேனோவையே டொயோட்டா தன் முத்திரையோடு கிளான்சா என்று விற்கத் தொடங்கியது. ஒரே ஆலையில் செய்த ஒரே கார். ஆனால் அப்போது பலேனோவுக்கு இரண்டு ஆண்டு, 40,000 கிலோமீட்டர் வாரண்டி, கிளான்சாவுக்கு மூன்று ஆண்டு, ஒரு லட்சம் கிலோமீட்டர். முத்திரைக்கு நாம் கொடுக்கும் பணத்தில் உருப்படியாகத் திரும்பி வருவது வாரண்டியும் பணிமனையும்தான் என்பது அதைப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவாயிற்று.

குறை வெளிவந்த நிறுவனத்தைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. டொயோட்டா 2009, 2010 ஆண்டுகளில் ஆக்ஸிலரேட்டர் பெடல் கோளாறுகளுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. அதன் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பதை நான் நல்ல குணமாகவே பார்க்கிறேன். நம் நாட்டில் கட்டாயத் திரும்ப அழைப்பு விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் அவை ஏழு வயதுக்குக் குறைந்த வண்டிகளுக்கே பொருந்தும். இந்தக் கார் அந்தப் பாதுகாப்புக்கும் வெளியே நிற்கிறது.

நாடெங்கும் பணிமனை வைத்திருக்கும் நிறுவனமும் குறையில்லாதது அன்று. அங்கே கூட்டம் அதிகம், வேலையில் அவசரம் இருக்கும். காரை விடும்போது எஸ்டிமேட்டில் இன்ஜின் டீகார்பனைசிங் (கரி நீக்கம்), ஏ.சி. கிருமி நீக்கம், எலி விரட்டும் பூச்சு என்று வரிசையாகச் சேர்ப்பார்கள். கையேட்டில் அந்தக் கிலோமீட்டருக்கு எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடு. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார். இப்படிக் கண்டிப்பாக இருந்தால் அவர்களும் ஒழுங்காகச் செய்வார்கள். காரைக்குடியிலேயே பணிமனை உள்ள நிறுவனத்தின் புதிய பெட்ரோல் காரை வாங்கி, முதல் வாரண்டி முடிவதற்குள் நீட்டிப்பு வாரண்டியும் எடுத்துக்கொள்வதே உங்கள் இருவரின் வேலைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பணம் போதாவிட்டால் அப்பா கொஞ்சம் தருவதாகச் சொல்கிறார்.

இதற்குப் பிறகும் மாப்பிள்ளைக்கு மனம் கேட்கவில்லை என்றால், அவர் ஒரு சனிக்கிழமை திருச்சியில் உள்ள அந்த நிறுவனத்தின் பணிமனைக்கு நேரில் போகட்டும். இந்த மாடலுக்கு முன் விளக்கும் வாட்டர் பம்பும் கேட்டால் எத்தனை நாளில் வரும், என்ன விலை, காரைக்குடியில் நின்றுபோனால் வண்டியை ஏற்றிப்போக யார் வருவார்கள், செலவு யாருடையது, ஒரு மணி நேரக் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கட்டும். காரின் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணை நான் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்குப் போய், அந்த எண்ணுக்கு என்னென்ன சர்வீஸ் எந்தக் கிலோமீட்டரில் நடந்தது என்று கேட்டு அனுப்புகிறேன். அதுவரை விற்பவர் எத்தனை முறை அழைத்தாலும் டோக்கன் முன்பணம் அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
அம்மா