கோடுகளை நம்பு, நிறத்தை நம்பாதே

அன்புள்ள செல்வம்,

பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. வர முடியாமல் போனதில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கண்புரை அறுவை முடிந்து இன்று பன்னிரண்டாம் நாள். வெள்ளை வேட்டி நீலம் போட்டு அலசியது போலத் தெரிகிறது. இத்தனை வருடம் அதை மஞ்சளாகவே பார்த்திருக்கிறேன், தெரியாமலே!

செம்பெயர்ச்சி என்றால் கேலக்ஸி சிவப்பாகத் தெரியுமா என்று கேட்டிருந்தாயே, நிறத்தை நம்பாதே. தூசி மறைத்தாலும், முதிய விண்மீன்கள் நிறைந்திருந்தாலும் கேலக்ஸி சிவக்கும். பார்க்க வேண்டியது நிறமாலையின், அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறப் பட்டையின், கறுப்புக் கோடுகளை. கால்சியத்தின் ஒரு கோடு ஆய்வுக்கூடத்தில் 393.4 நானோமீட்டரில் விழும். அதே கோடு 432.7-இல் கிடந்தால் அலை பத்தில் ஒரு பங்கு நீண்டிருக்கிறது. ஒளி கிளம்பி நம்மிடம் வந்து சேர்வதற்குள் இடையிலுள்ள வெளி விரிந்து, அலையையும் சேர்த்து இழுத்துவிட்டது. இதுதான் செம்பெயர்ச்சி.

இதை அளப்பது பொறுமை கேட்கும் வேலை. 1912-இல் அமெரிக்க வானியலாளர் ஸ்லைபர் ஒரே ஒளிப்படத் தட்டை இரவு இரவாக வைத்து, நம் பக்கத்துக் கேலக்ஸியான ஆந்த்ரோமெடாவின் கோடுகளைப் பிடித்தார். ஆனால் விரிவைக் கணக்கிடக் கேலக்ஸியின் தொலைவும் வேண்டும், வில்லங்கம் அதில்தான். 1929-இல் வானியலாளர் ஹபிள், மெகாபார்செக்குக்கு, அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்கு 500 கி.மீ. விரிவு என்றார். அந்தக் கணக்கில் பிரபஞ்சத்துக்கு 200 கோடி வயதுதான். பூமியின் பாறைகளே அதைவிட மூத்தவை. தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூட!

முடிச்சை அவிழ்த்தவர் வானியலாளர் வால்டர் பாடே. போர்க்கால இருட்டடிப்பில் லாஸ் ஏஞ்சலஸ் இருண்டு கிடந்தபோது, மவுன்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆந்த்ரோமெடாவின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியாகப் படம் பிடித்தார். விண்மீன்களில் இரு இனம் இருப்பது தெரிந்தது. ஒளி கூடிக் குறையும் தாளத்தால் தொலைவு காட்டும் செஃபீடு விண்மீன்களிலும் இரண்டு வகை உண்டு, இதுவரை அவற்றைக் கலந்து எண்ணிவிட்டோம் என்று 1952-இல் அறிவித்தார். தொலைவுகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின, வயதும் கூடவே. அந்த இருட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இன்றும் வழக்கு தீரவில்லை. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்கில், ஹபிள் 500 என்ற அந்த விரிவு 67. செஃபீடிலிருந்து சூப்பர்நோவா, அதாவது வெடிக்கும் விண்மீன், வழியாகத் தொலைவை அளந்து போகிறவர்களுக்கு 73. யாரோ சரியாக அளக்கவில்லை என்கிறாய். எனக்கு அப்படிப் படவில்லை. அன்றும் அளந்த கை தவறவில்லை, அளவுகோலைப் பற்றிய எண்ணம்தான் தவறியது.

கார்த்திகை அமாவாசையை ஒட்டி இரண்டு நாள் வந்து தங்கு. பைனாகுலரை மறக்காதே. மொட்டை மாடியிலிருந்து ஆந்த்ரோமெடாவைக் காட்டுகிறேன். விலகி ஓடும் கூட்டத்தில் நம்மை நோக்கி வருவது அது.

உன்,
மணி