பொங்கலுக்கு வரும்போது

வியாசர்பாடி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம்.

“ஊர்ப் பிரச்சினையெல்லாம் இப்போ போன்லயே முடிஞ்சிடுதாமே” என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

நாம் படிப்பகத்தில் மனு எழுதிய நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? எழுத்து உன்னுடையது, அலைச்சல் என்னுடையது. நூறு கையெழுத்துக்கு ஒரு வாரம் தெருத்தெருவாகப் போவோம். தண்ணீர் மனுவோடு போன வீட்டில் ரேஷன் கார்டு இல்லாத பாட்டி இருப்பாள், படிப்பை நிறுத்திய பையன் இருப்பான். பாதி வேலை அந்த நடையிலேயே நடந்தது.

போன மாதம் எங்கள் தெருவில் சாக்கடை பொங்கியது. மகன் படம் எடுத்து அனுப்பினான். உடனே புகார் எண் வந்தது, எனக்கே ஆச்சரியம். மூன்றாம் நாள் ‘புகார் முடிக்கப்பட்டது’ என்று மெசேஜ். வாசலில் தண்ணீர் அப்படியே நின்றது. விசாரித்தால் ஏழு வீட்டில் இதே புகார், இதே பதில். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியவில்லை! ஒரே தெருவில் இருந்துகொண்டு இப்படி ஆகிவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை.

பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய கதையை உன் அப்பா சொல்வாரே. மில்லில் சாப்பிட நேரம் போதவில்லை என்று அவரவர் தனியாக முனகியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

போனைக் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, அங்கிருக்கும் என் மச்சினி வீட்டை எழுப்பியது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்தான். ஆனால் விடிந்ததும் ஜனங்கள் ஆலை வாசலுக்குப் போய்த்தான் உட்கார வேண்டியிருந்தது.

2016-க்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் கிடந்தோம் அல்லவா? 2022-ல் தேர்தல் நடந்தது. கிராம சபை மாதிரி நகரத்துக்கு ஏரியா சபையும் அதே வருஷம் வந்தது. எதிர்வீட்டுப் பெண் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவள். ஏழு எண்களையும் குழு நோட்டிலேயே குறித்துக்கொண்டாள். அடுத்த தெருவுக்கும் போனாள். பத்தொன்பது ஆனது. சபையில் எழுந்து ஒவ்வொன்றாக வாசித்தாள்: புகார் எண், கொடுத்த தேதி, முடித்ததாகச் சொன்ன தேதி, இன்றைய நிலை. முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாம் நாள் லாரி வந்து அடைப்பை எடுத்தது. குழாய் மாற்றும் வேலை இன்னும் பாக்கி.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? குழாய்க்கு ஒரு மனு போட வேண்டும். புகார் எண்களோடு வீட்டுக்கு வீடு கையெழுத்தும் சேர்க்கலாம் என்கிறாள் அந்தப் பெண். டைப் அடிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னோடு கூட நடக்க நீ வா. இரண்டு நாள் சேர்த்து லீவு போடு.

உன் நண்பன்